போட் எஞ்சின் சூடேறுற பிரச்சினைக்கு திருகோணமலையில செய்விச்ச கூலிங் வேலை, என்ட அனுபவம்

எங்கட 19 அடி ஃபைபர் போட்டில பூட்டியிருக்கிறது 40 ஹோஸ்பவர் ரெண்டு ஸ்ட்ரோக் அவுட்போட் (பின்பக்கம் வெளியால பூட்டுற) எஞ்சின், பழசுதான், ஆனா நல்ல இழுவை. போன சீசன் முழுக்க சூடேறி எங்களை அலைக்கழிச்சுப் போட்டுது. இப்ப டவுண் பக்கம் இருக்கிற ஒரு சின்ன வேலைத்தளத்தில கூலிங் சிஸ்டம் முழுக்கக் கழட்டி செய்விச்சு நாலு மாசம் ஓடிப் பாத்திட்டன். நிலாவெளி, சல்லி, மூதூர் பக்கம் போட் வச்சிருக்கிற ஆக்களுக்கு உதவும் எண்டுதான் எழுதுறன்.

முதல் என்ன நடந்தது எண்டு சொல்லுறன். முழு வேகத்தில 10 நிமிசம் போனா இழுவை குறையும், பிறகு பெயின்ட் கருகுற மாதிரி ஒரு மணம், கவரைக் கழட்டினா கை வைக்க ஏலாத சூடு. ஆனா பின்னால தண்ணி பீச்சுற ஓட்டையால தண்ணி வருது, அதைப் பாத்து நாங்களும் பம்ப் நல்லாத்தானே இருக்கு எண்டு விட்டிட்டம். ஒரு நாள் நிலாவெளிக்கு எதிர்ல இருக்கிற புறாமலைத் தீவுக்கு வெளியால எஞ்சின் அப்பிடியே நிண்டுபோச்சு. மத்தியானம், கச்சான் காத்து கரையில இருந்து வெளிய அடிக்குது, துடுப்பு வலிக்க வலிக்க போட் நடுக்கடலுக்குத்தான் போகுது. மச்சான்ட முகத்தை இண்டைக்கும் மறக்க ஏலாது. ஒரு சல்லிப் போட்தான் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தது, அந்த அண்ணையாக்களுக்கு கோடி புண்ணியம்.

அதுக்குப் பிறகு முதல் போன இடத்தை (பேர் வேண்டாம்) பற்றிச் சொல்லத்தான் வேணும், ஏனெண்டா அங்க செய்ததைத்தான் இஞ்ச கனபேர் செய்யினம். தேர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணியை மறிச்சு வைக்கிற வால்வு) கழட்டி எறிஞ்சாங்கள், இந்த வெக்கை நாட்டுக்கு இது தேவையில்ல எண்டு சொல்லி. தண்ணி பீச்சுற ஓட்டையை ட்ரில் போட்டுப் பெருசாக்கினாங்கள், தண்ணி நல்லா வரும் எண்டு. இம்பெல்லர், அதுதான் பம்புக்குள்ள தண்ணியைத் தள்ளுற இதழ் வைச்ச றப்பர் சில்லு, அதில டூப்ளிகேட் ஒண்டு போட்டாங்கள். பாக்க நல்ல வடிவாத்தான் பீச்சிச்சு, ஆனா அது எஞ்சினுக்குள்ள சுத்த வேண்டிய தண்ணி வெளிய போறதுதானே. மெதுவா ஓட்டினா பிளக் நனைஞ்சு இருமும், வேகமா ஓட்டினா திரும்பவும் சூடு. ரெண்டு பக்கத்தாலயும் நட்டம்.

இப்ப செய்த இடத்துக்கு வாறன். வேலைத்தளம் வைச்சிருக்கிறவர் வயசான அண்ணை, கூட ஒரு பெடியன். பெரிய போர்ட் ஒண்டும் இல்ல, ஆனா வாசல்ல எப்பவும் ரெண்டு மூண்டு எஞ்சின் தண்ணிப் பரலுக்குள்ள நிண்டு ஓடிக்கொண்டிருக்கும். எனக்குப் பிடிச்சது என்னெண்டா கேக்காம ஒண்டையும் கழட்டேல்ல, கழட்டின ஒவ்வொண்டையும் கூப்பிட்டுக் காட்டினவர். கீழ்ப்பகுதியை இறக்கி பம்பைத் திறந்தா இம்பெல்லர்ல ரெண்டு இதழ் இல்ல. "தம்பி, இது எங்க போயிருக்கும் சொல்லுங்கோ பாப்பம்" எண்டு கேட்டிட்டு, தண்ணி மேல போற குழாயைக் கழட்டி ஒரு கம்பியை விட்டுத் தள்ளினார், கறுப்பு றப்பர் துண்டு ரெண்டும் வந்து மேசையில விழுந்தது. பம்பின்ட கூட்டுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக்கும் உருகி, அடித்தகடு முழுக்க மண் கீறின கோடு. மகாவலி கங்கை வந்து கடல்ல விழுற கொட்டியாரக்குடாப் பக்கம் ஆழம் குறைஞ்ச இடத்தில ஓட்டுற ஆக்களுக்கு இது நல்லாப் பழக்கமான கோடு. நாங்களும் மூதூருக்கு அடிக்கடி போறனாங்கள்தான்.

பிறகு சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற ஹெட்டைக் கழட்டினார். தண்ணி ஓடுற வாய்க்கால் பாதி உப்பால அடைஞ்சு, வெள்ளையும் பழுப்புமா கல்லு மாதிரி. ஓட்டையால தண்ணி பீச்சுது எண்டா பம்ப் தள்ளுது எண்டுதான் அர்த்தம், சிலிண்டரைச் சுத்தி ஒழுங்கா ஓடுது எண்டு இல்ல, இதை நான் அண்டைக்குத்தான் கண்ணால பாத்து விளங்கிக்கொண்டன். சுரண்டி, வினாகிரியில ஊறவிட்டு, திரும்பவும் சுரண்டி எடுத்தாங்கள். உப்பு எஞ்சினை அரிக்காம தான் கரையிறதுக்கெண்டு உள்ள இருக்கிற சிங்க் துண்டும் கரைஞ்சு காணாமப் போயிருந்தது, அதுவும் புதுசு. ஹெட் போல்ட் ஒண்டு உப்புப் பிடிச்சு உடைஞ்சது, அதைத் துளைச்சு எடுக்கவே ஒரு நாள் போச்சு, அதுக்கு அவரைக் குறை சொல்ல மாட்டன்.

தேர்மோஸ்டாட் பற்றி அவர் செய்து காட்டினதை எல்லாரும் வீட்டிலயே செய்யலாம். புதுசு வாங்கினதையும் நம்பிப் பூட்டேல்ல. அதின்ட வால்வுக்குள்ள ஒரு தங்கூசி நூலைக் கவ்வ விட்டு, தேத்தண்ணி வைக்கிற சட்டித் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு, பக்கத்தில தேர்மோமீட்டர் ஒண்டும் வச்சு சூடாக்கினார். 50 தாண்டி கொஞ்சத்தில வால்வு திறந்து நூலை விட்டிட்டு டொக் எண்டு சட்டிக்குள்ள விழுந்தது. கடல் தண்ணியால குளிராகிற எஞ்சினுக்கு பெரும்பாலும் அந்த 50 - 60 டிகிரிக்குள்ளதான் கணக்கு, அதைவிட நல்லாச் சூடேறினா தண்ணியில இருக்கிற கல்சியம் உப்பு படியத் தொடங்கும், சூடு குறைஞ்சா எரிபொருள் ஒழுங்கா எரியாம கரி பிடிக்கும். எங்கட கடல் தண்ணியே 28, 29 டிகிரியில நிக்குது, பிறகென்னத்துக்குத் தேர்மோஸ்டாட் எண்டு கேட்டன். 29 எங்க 50 எங்க தம்பி எண்டார். சரிதானே.

புதுசாப் பூட்டின சாமான் ரெண்டு. ஹெட்டில ஒரு சென்சர், ஸ்டியரிங் பக்கத்தில சின்ன டிஜிட்டல் மீட்டர், 80 டிகிரி வந்தா கத்துற பஸர். மற்றது எஞ்சினை ஒரு அங்குலம் பதிச்சுப் பூட்டினது, முந்தி உயரமா இருந்ததால அலையில தூக்கேக்க தண்ணிக்குப் பதிலா காத்தை உறிஞ்சியிருக்கு. இந்த ரெண்டாவதுக்குக் காசே எடுக்கேல்ல, ஆனா பாதிப் பிரச்சினை அதுதான் எண்டு நினைக்கிறன்.

கனடாவில இருக்கிற அத்தானுக்கு படம் எல்லாம் வாட்ஸப்பில அனுப்பினன். அவர் பனிக்காலத்தில ஸ்னோமொபைல் (பனிக்கு மேல பெல்ட்டில ஓடுற சின்ன வண்டி) ஓடுறவர், தன்ர மெஷினும் சூடேறுறது எண்டார், வெளியில மைனஸ் 20 எண்டாலும்! எனக்கு நம்ப ஏலாமப் போச்சு. தண்ணிக் கூலிங் உள்ள மெஷின்கள்ல சூடாத்துற அலுமினியத் தகடு அடிப்பக்கம் இருக்குதாம், பெல்ட் சுத்தேக்க எறியிற பனி அதில பட்டு உருகித்தான் குளிராகும், அதால மொட்டை ஐஸ்ல பனி இல்லாம ஓடினா சூடு ஏறிடும். அதுக்கு வளைஞ்ச கம்பி ரெண்டு பூட்டுவினமாம், அது ஐஸைச் சுரண்டி பனித்தூளா மேல எறியும், சில கம்பிகளை ரிவேர்ஸ் எடுக்க முதல் தூக்கி விடாட்டி முறிஞ்சிடும். அவை ஃபேனோட தனி ரேடியேட்டரும் பூட்டுறவையாம். யமஹா 1960 இல முதல் அவுட்போட், 1968 இல முதல் ஸ்னோமொபைல் எண்டு ரெண்டும் செய்த கம்பனி எண்டு அத்தான்தான் சொன்னவர். பனியோ உவர்த்தண்ணியோ, குளிர் தாற சாமான் எஞ்சினில போய்ப் படோணும், சுத்தி இருந்தா மட்டும் காணாது.

குறையும் இருக்கு. ரெண்டு நாள் எண்டு சொல்லி அஞ்சு நாள் எடுத்தவர், அந்த அஞ்சு நாளும் எங்களுக்குத் தொழில் இல்ல. பில் எழுதித் தரேல்ல, கேட்ட பிறகு துண்டுக் கடதாசியில எழுதினார். சென்சர் வயர் மூட்டைச் சும்மா டேப் சுத்தி விட்டிருந்தவர், உப்புக் காத்துக்கு அது ஒரு மாசம் தாங்காது, நான்தான் பிறகு கிறீஸ் பூசி றப்பர் குழாய் போட்டனான். அசல் இம்பெல்லர் டூப்ளிகேட்டை விட மூண்டு மடங்கு விலை, ஆனா ரெண்டையும் கையில மடக்கிப் பாத்தா வித்தியாசம் உடன விளங்கும், அசல் இதழ் உடன நிமிரும்.

இப்ப புறாமலை போய்வர 55 தாண்டுறேல்ல. ஒருக்கா மட்டும் மீட்டர் 72 வரைக்கும் ஏறினது, நிப்பாட்டிப் பாத்தா உறிஞ்சுற சல்லடையில பொலித்தீன் பையும் சாதாழையும் சுத்தியிருந்தது, எடுத்து எறிஞ்சதும் ரெண்டு நிமிசத்தில இறங்கிட்டுது. மீட்டர் இல்லாட்டி அண்டைக்கும் கயிறுதான். ஒவ்வொரு நாளும் வந்து நல்ல தண்ணிப் பரலில 10 நிமிசம் ஓட விடுறம், ஓட்டையில தங்கூசி விட்டுக் குத்துறம், தண்ணி இல்லாம ஸ்டார்ட் பண்ணுறதே இல்ல, ஒரு நிமிசம் காய்ஞ்சு ஓடினாலே இதழ் போயிடும்.

போறதெண்டா மாரியில, வாடை அடிச்சு போட் கரையில ஏத்தி வச்சிருக்கிற நாளில போங்கோ, சீசன் தொடங்கினா இடம் கிடைக்காது. கழட்டின பழைய இம்பெல்லரைக் கேட்டு வாங்கி இதழை எண்ணுங்கோ, குறைஞ்சிருந்தா அந்தத் துண்டு எங்க எண்டு கேளுங்கோ, அதை எடுத்துக் காட்டாம எஞ்சினைப் பூட்ட விடாதேங்கோ.