சி.ஏ. ஃபைனலின் கடினப் பகுதிகள்: வீடியோ வகுப்பா, ஐ.சி.ஏ.ஐ. புத்தகமா?

பாளையங்கோட்டையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் எனும் கட்டாயப் பயிற்சியை முடித்து, பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) படிப்பின் கடைசிக் கட்டமான ஃபைனலில் முதல் குரூப் தாள்களைத் தாண்டிய பிறகு இதை எழுதுகிறேன். அந்தக் குரூப்பில் மாணவர்கள் பெரிதும் அஞ்சுபவை இரண்டு: ஃபைனான்சியல் ரிப்போர்ட்டிங் தாளில் கடன், பங்கு போன்ற நிதிக் கருவிகளைப் பற்றிய இண்ட் ஏ.எஸ். 109 (இந்தியக் கணக்கியல் தரநிலைகளில் ஒன்று), ஏ.எஃப்.எம். (மேம்பட்ட நிதி மேலாண்மை) தாளில் அந்நியச் செலாவணியும் டெரிவேட்டிவ்ஸும் (வேறொன்றின் விலையைச் சார்ந்து மதிப்புப் பெறும் ஒப்பந்தங்கள்). இவற்றை வீடியோ வகுப்பில் படிப்பதா, தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. (இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம்) தரும் ஸ்டடி மெட்டீரியலை, அதாவது பாடப் புத்தகத்தை, நேரடியாகப் படிப்பதா என்பதே கேள்வி. நான் புத்தகத்தின் பக்கம் நிற்கிறேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புத்தகம் ஐ.சி.ஏ.ஐ. தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது; வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். நெல்லையில் இருந்துகொண்டே சென்னை, மும்பை ஆசிரியர்களிடம் படிக்க முடிவது வீடியோவின் வசதி, அதை மறுப்பதற்கில்லை.

செலாவணிப் பகுதியை முதன்முறை தொடும்போது வீடியோ நன்றாகவே கைகொடுக்கிறது. தூத்துக்குடி ஏற்றுமதியாளர் ஒருவர், வரவிருக்கும் டாலரை இன்றே பேசி முடித்த விலையில் பின்னொரு தேதியில் வங்கிக்கு விற்பதாக ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறார். சரக்குக்கான பணம் வரவில்லை, ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும். அப்போது வங்கி அவருக்கு டாலரைத் திருப்பி விற்பதாகக் கொண்டு, விற்பனை விலையில் கணக்கிட வேண்டும். எந்த இடத்தில் வாங்கும் விலை, எந்த இடத்தில் விற்கும் விலை என்பதை ஆசிரியர் பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினால் உடனே விளங்கிவிடுகிறது. இதே விஷயத்தைப் புத்தகத்தில் பிடிக்க இரண்டு மூன்று முறை வாசிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் இண்ட் ஏ.எஸ். 109-இல் நிலைமை வேறு. ஒரு நிறுவனம் 1,00,000 ரூபாயை மூன்று ஆண்டுகளுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறது. சந்தை வட்டி 10 சதவீதம் என்றால் அந்தக் கடனின் இன்றைய மதிப்பு 75,131 ரூபாய். மிச்சமுள்ள 24,869 ரூபாயை எங்கே வைப்பது? கடன் வாங்கியவர் ஊழியர் என்றால் அது முன்கூட்டிக் கொடுத்த ஊழியர் நலச் செலவு; துணை நிறுவனம் என்றால் அதில் தாய் நிறுவனம் செய்த முதலீட்டோடு சேரும். வகுப்புக் குறிப்புகளில் இவை தனித்தனி வகைகளாக ஓர் அட்டவணையில் இருக்கும், மனப்பாடம் செய்துகொள்ளலாம். புத்தகத்தின் விளக்கத்தையும் எடுத்துக்காட்டுகளையும் வரிசையாகப் படித்தவருக்கோ, அந்தச் சலுகையை எதற்காகக் கொடுத்தார்கள் என்ற ஒரே கேள்வியிலிருந்து எல்லா விடைகளும் வந்துவிடும். வினாத்தாளில் கடன் வாங்குபவரை மாற்றிக் கேட்டாலும் தடுமாற வேண்டியதில்லை.

இருந்தாலும் என் முடிவைத் தீர்மானித்தது புரிதல் அல்ல, ரிவிஷன். புதிய திட்டத்தில் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்த பிறகு, தேர்வுக்கு முன்னால் ஆறு மாதம் கிடைக்கிறது. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில் அடுத்த தாள் முழுவதையும் திருப்பிப் பார்த்தாக வேண்டும், வீடியோவை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அது நடக்காது. படிக்கும்போதே ஓரத்தில் பென்சிலால் குறித்து, கடினமான கணக்குகளுக்கு மட்டும் நட்சத்திரக் குறி போட்டுவைத்த சொந்தப் பிரதிதான் அன்று உதவுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நட்சத்திரங்களில் சிலவற்றை அடித்துவிடலாம். பார்க்க வேண்டிய பக்கங்கள் அப்படித்தான் குறைகின்றன. அச்சிட்ட வகுப்புக் குறிப்பிலும் இதைச் செய்யலாமே என்பார்கள். செய்யலாம், ஆனால் அதில் இருப்பது ஆசிரியர் சுருக்கியது; எதை விட்டிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. ஐ.சி.ஏ.ஐ. வெளியிடும் ஆர்.டி.பி.யையும் (ரிவிஷனுக்கான வினா-விடைத் தொகுப்பு) மாதிரித் தேர்வுத் தாள்களையும் எடுத்தால், அவற்றின் விடைகள் எழுதப்பட்டிருக்கும் முறையும் சொற்களும் ஸ்டடி மெட்டீரியலோடுதான் ஒத்துப்போகின்றன.

ஆகவே செலாவணிக்கும், ஆப்ஷன் போன்ற டெரிவேட்டிவ்ஸுக்கும் மட்டும் வீடியோ, அதுவும் முதல் சுற்றில் மட்டும். மற்றதெல்லாம் புத்தகம் என்பதே என் பரிந்துரை. கணக்கியல் அடித்தளம் வலுவாக இல்லாதவர்களுக்கு முதல் சில வாரங்கள் வகுப்பு தேவைப்படலாம். இரண்டாம் குரூப்பின் வரித் தாள்களுக்கு இதே வழி பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். சட்டத் திருத்தங்கள் அடிக்கடி வரும் அந்தத் தாள்களில் எனக்கு இன்னும் போதிய அனுபவம் இல்லை.