பழவேற்காடு 'தீவுக் கிராமம்' ஒருநாள் டூர்: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

இன்ஸ்டாகிராமில் பழவேற்காடு டூர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் வந்தோம். நான், கணவர், பத்து வயது மகள், மாமனார், மாமியார் என்று ஐந்து பேர். தலைக்கு 1,850 ரூபாய். மொத்தம் 9,250 ரூபாயையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். பணம் போனது கூடப் பரவாயில்லை. என் பெண்ணை எப்படிப்பட்ட படகில் உட்காரவைத்தேன் என்று நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: யாரும் போகாத தீவுக் கிராமம், ஆளே இல்லாத கடற்கரை, டச்சுக்காரர்களின் கோட்டையும் கல்லறையும், ஆயிரக்கணக்கில் பூநாரைகள் (ஃபிளமிங்கோ), அனுமதி பெற்ற படகுச் சவாரி, வரலாறு தெரிந்த வழிகாட்டி, மீனவர் வீட்டுச் சாப்பாடு. நாங்கள் தண்டையார்பேட்டை. ரயில் ஏறினால் பொன்னேரி, அங்கிருந்து பஸ். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒரு முறை கூடப் போனதில்லை. மாமா, அதாவது என் மாமனார், முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். "முட்டி இன்னும் மோசமாகறதுக்குள்ள அந்தக் கல்லறைகளைப் பார்த்துடணும்மா" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் புக் செய்தேன்.

காலை ஆறு மணிக்கு மாதவரம் ரவுண்டானாவில் வண்டி நிற்கும் என்றார்கள். ஏழே முக்காலுக்கு வந்தது. டெம்போ டிராவலரில் எங்களோடு சேர்த்துப் பதினான்கு பேர். கூட வந்த பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் பொன்னேரி தாண்டி, திருப்பாலைவனமும் தாண்டிய பிறகு எழுந்து நின்று ஒன்று சொன்னான். "வழியில போலீஸ் யாராவது கேட்டா டூர்னு சொல்லாதீங்க. குப்பத்துல சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போறோம்னு சொல்லிடுங்க."

அப்போதே இறங்கியிருக்க வேண்டும். அனுமதி பெற்ற படகு என்றால் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

கோட்டை என்று வண்டி ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். மேடும் அகழியும் முள்புதரும்தான் இருக்கின்றன. அது அவர்கள் தப்பில்லை, கெல்ட்ரியா கோட்டையில் இன்று மிச்சம் இருப்பதே அவ்வளவுதான். ஆனால் இறங்கி நின்று பார்க்கவாவது விட்டிருக்கலாம். 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டியது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இந்த ஊர்தான். இதெல்லாம் எனக்கு மாமா சொல்லித்தான் தெரியும். வழிகாட்டி என்று வந்த பையன் "வெள்ளைக்காரன் கட்டினது" என்பதோடு முடித்துக்கொண்டான்.

கல்லறைத் தோட்டத்தில்தான் மாமாவுக்குக் கோபம் வந்தது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல் தூண்கள் நிற்கின்றன. அதைக் காட்டி அந்தப் பையன், "இது கடற்கொள்ளைக்காரங்க கல்லறை, அதான் எலும்புக்கூடு" என்றான். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். மாமா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, எல்லாருக்கும் சாவு உண்டுன்னு ஞாபகப்படுத்த அந்தக் காலத்து ஐரோப்பாக்காரங்க இப்படிச் செதுக்குவாங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு. குழந்தைங்க கேட்குதுங்க இல்ல" என்றார். பிறகு அவரே எல்லாரையும் உள்ளே கூட்டிப்போய், புடைப்பாகச் செதுக்கிய டச்சு எழுத்துகளையும் குடும்பச் சின்னங்களையும் காட்டினார். இந்த ஊரிலிருந்து துணி மட்டும் போகவில்லை, மனிதர்களையும் அடிமைகளாகப் பிடித்துப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள் என்று அவர் சொன்னபோது வண்டியில் வந்த பதினான்கு பேரும் அசையாமல் நின்றார்கள். அன்றைக்கு நடந்ததில் உருப்படியான அரை மணி நேரம் அதுதான். அதற்கு நாங்கள் யாருக்கும் காசு கொடுக்கத் தேவையே இல்லை. தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் படகு.

ஏரிக்கரையில் மீன் இறக்கும் இடத்தைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் ஓரத்துக்குக் கூட்டிப்போனார்கள். மீன்பிடிக்கிற ஃபைபர் படகு. உட்காரப் பலகை கிடையாது, விளிம்பில் உட்கார வேண்டும். பதினான்கு பேரையும் ஒரே நடையில் ஏற்றினார்கள். லைஃப் ஜாக்கெட் கேட்டேன். வலைக்கு அடியிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறமெல்லாம் வெளுத்து, இடுப்பு வார் அறுந்து, அந்த இடத்தில் நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டிருந்தார்கள். பெரியவர்களுக்கான அளவு. மகளுக்கு மாட்டினால் தலைக்கு மேல் கழன்று வந்தது. "ஏரிதானே சிஸ்டர், இடுப்பளவு தண்ணிதான்" என்றான் பையன்.

பாதி தூரம் வரை அப்படித்தான் இருந்தது. ஓட்டியவர் சில இடங்களில் கழியை ஊன்றித்தான் தள்ளினார். முகத்துவாரம் நெருங்க நெருங்கத் தண்ணீரின் நிறம் மாறியது. மழைக்காலம், ஏரித் தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டு போகிறது, எதிரே அலை வருகிறது. படகு பக்கவாட்டில் ஒரு ஆட்டம் ஆடியதும் இரண்டு பேர் பயந்து எழுந்து நின்றார்கள். ஓட்டியவர், "உட்காருங்க, உட்காருங்க" என்று கத்தினார். என் காலடியில் கணுக்கால் வரை தண்ணீர். பாதியாக வெட்டிய எண்ணெய் கேனால் ஒரு சிறுவன் அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். மகள் என் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாள் என்றால், நகம் பதிந்த அடையாளம் மறுநாளும் இருந்தது. மாமியார் வாய்விட்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பத்து நிமிஷத்தில் மணல் திட்டு ஓரமாக இறக்கிவிட்டார்கள். "இதுதான் தீவு." உண்மையிலேயே அழகான கடற்கரை, அதை மறைக்க மாட்டேன். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல், நடுவில் நீளமாக மணல். ஆனால் கொஞ்ச தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அதன் பக்கத்தில் பைக்குகள் நின்றன. டிவிஎஸ் 50-யில் டீ கேன் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். எப்படி வந்தீர்கள் என்று கேட்டார், சொன்னோம். "பாலம் இருக்கே, வண்டியிலயே லைட் ஹவுஸ் குப்பத்துக்கு வந்துடலாமே. படகுல ஏன் வந்தீங்க? படகுல ஆள் ஏத்தக்கூடாதுன்னு தடை இருக்கு. 2011-ல அத்தனை பேர் செத்தாங்களே, தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. இதே ஏரியில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்திருக்கிறார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். எங்களிடம் "அனுமதி பெற்ற படகு" என்று எழுத்தில் போட்டுக் காசு வாங்கியவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

பூநாரை ஒன்று கூடக் கண்ணில் படவில்லை. டீக்காரர்தான் அதற்கும் விளக்கம் சொன்னார். அந்தப் பறவை ஆழமில்லாத சேற்றுத் தண்ணீரில் நின்றுதான் மேயும். மழை பெய்து ஏரி நிறைந்திருக்கும்போது இங்கே என்ன தேடி வரும்? தண்ணீர் வற்றத் தொடங்கிய பிறகு, அதுவும் தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கம் போனால்தான் கூட்டமாகப் பார்க்கலாம் என்றார். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குப்பத்தில் ஓர் அக்கா வீட்டுத் திண்ணையில் இலை போட்டார்கள். நண்டுக் குழம்பு, இறால் தொக்கு, மடவை வறுவல். அவ்வளவு ருசி. பரிமாறும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன், உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். சாப்பிட்டு எழுந்ததும் என்னிடம் மெதுவாக வந்து, "சாப்பாட்டுக் காசு யாரும்மா தருவீங்க?" என்றார். டூரில் அடக்கம் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். "எங்கிட்ட நீங்க தருவீங்கன்னு சொன்னாரு. போன வாரம் பன்னெண்டு பேருக்குச் சமைச்சேன், அதுக்கே இன்னும் வரல. நண்டு கடனுக்கு வாங்கினதும்மா." பையனைத் தேடினோம். போனைக் காதில் வைத்துக்கொண்டு தூரமாகப் போய் நின்றிருந்தான். கடைசியில் நாங்கள் பதினான்கு பேரும் ஆளுக்கு இருநூறு போட்டுக் கொடுத்தோம். அந்த அக்கா அழுதுவிட்டார். இரண்டு பக்கமும் ஏமாற்றிப் பிழைக்கிற இந்த வேலையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரும்பப் படகில் ஏற நாங்கள் ஐந்து பேரும் மறுத்துவிட்டோம். ஷேர் ஆட்டோ பிடித்துப் பாலம் வழியாக ஊருக்குள் வந்தோம். மொத்தமாக நூற்றைம்பது ரூபாய்தான் ஆனது.

மறுநாள் டூர் நடத்துபவருக்குப் போன் செய்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "டூர்தான் முடிஞ்சுடுச்சே மேடம், எல்லா இடமும் பார்த்துட்டீங்க, சாப்பிட்டீங்க" என்றார். தடையைப் பற்றிக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டார். பில் கிடையாது, அலுவலக முகவரி கிடையாது, பதிவு எண் கிடையாது. பணம் போன கணக்கு கூட வேறு யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. பணம் கட்டும்போதே இதைக் கவனித்திருக்க வேண்டியவள் நான்.

விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்ய முடிந்தது. அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். வக்கீல் வைக்காமல் நாமே மனு கொடுக்கலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. எங்களோடு வந்தவர்களில் மூன்று குடும்பங்கள் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பழவேற்காட்டுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தாராளமாகப் போங்கள். ரயிலில் பொன்னேரி போய் பஸ் ஏறினால் நேராகக் கொண்டுபோய் விடும். கல்லறைத் தோட்டத்தை நிதானமாகப் பாருங்கள். பாலத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போங்கள், ஆனால் முகத்துவாரம் பக்கம் தண்ணீரில் இறங்காதீர்கள். குப்பத்தில் யார் வீட்டிலாவது சமைத்துத் தரச் சொன்னால், காசை அவர்கள் கையிலேயே கொடுங்கள். படகில் ஏற்றுகிறேன் என்று யார் சொன்னாலும், எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், ஏறாதீர்கள்.

நேற்று என் கணவரின் நண்பர் ஒருவர் அதே ஆளின் புது விளம்பரத்தை அனுப்பினார். அதே பூநாரைப் படம், அதே "அனுமதி பெற்ற படகு". கிறிஸ்துமஸ் ஸ்பெஷலாம். தேதி டிசம்பர் 25. குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம் என்று போட்டிருக்கிறது.