காது கேமரா: ஆபரேஷன் செய்த காதில் பார்த்த பிறகு

பேனா அளவுக் கருவி. நுனியில் குட்டிக் கேமரா, சுற்றிலும் எல்இடி விளக்கு, வைஃபையில் போனோடு இணையும். கூடவே, குரும்பி எடுக்க நுனியில் மாட்டிக்கொள்ள சிலிக்கோன் கரண்டிகள். படம் பளிச்சென்று தெரிகிறது, அதில் குறையே இல்லை. "எல்லாக் காதுக்கும் ஏற்றது" என்று பெட்டியில் போட்டிருக்கிறார்களே, அதில்தான் எனக்குச் சண்டை.

என் வலது காதில் யாரும் கைவைத்ததில்லை. இடது காதில் கொலஸ்டியடோமாவுக்காக (செவிப்பறைக்குப் பின்னால் தோல் சேர்ந்து கட்டிபோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் நோய்) மாஸ்டாய்டு ஆபரேஷன், அதாவது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில். காதுக்குழாயின் பின்சுவரையே எடுத்துவிட்டார்கள்.

வலது காதில் பார்த்தால் வாசலருகே கொஞ்சம் குரும்பி, அதற்கு உள்ளே செவிப்பறை வரை சுத்தம். செவிப்பறையின் நடுவிலிருந்து தோல் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாளுக்கு ஏறத்தாழ 0.1 மி.மீ., கிட்டத்தட்ட நகம் வளர்கிற வேகம். செத்த தோல், தூசி, குரும்பி எல்லாம் அதோடு வெளியே வந்துவிடும். குரும்பி சுரப்பதே குழாயின் வெளிப்பகுதியில்தான். அப்புறம் கரண்டிக்கு அங்கே என்ன வேலை? வெளியே வருவதை மறுபடி உள்ளே தள்ளத்தான் உதவும்.

இடது காதில் குழாய்க்குப் பதில் ஒரு குழி. தோல் நகரும் வழி கலைந்துபோனதால், உதிர்ந்த தோல் மூலையில் படலம் படலமாகச் சேர்ந்து வெளிர்மஞ்சளாகத் தெரிகிறது. அதில் தண்ணீர் போனால் சீழ் பிடிக்கலாம். (பின்சுவரை விட்டுவைத்த ஆபரேஷன் என்றால் தோல் நகர்வு பெரும்பாலும் திரும்பிவிடும். கொடுத்துவைத்தவர்கள்.) திரையில் பார்க்கும்போது அதைச் சுரண்டச் சொல்லிக் கை துறுதுறுக்கும். கூடவே கூடாது. முகநரம்பும், உடல் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழலும் அந்தக் குழியை ஒட்டியே இருக்கின்றன; ஒற்றை லென்ஸ் படத்தில் ஆழமும் பிடிபடாது. இ.என்.டி. டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் இரண்டு கண்ணாலும் பார்த்து, சக்‌ஷன் வைத்து எடுக்கிறார். சக்‌ஷன் காற்றின் குளிர்ச்சிக்கே எனக்குத் தலை கிர்ரென்று சுற்றும். இதை வீட்டில் கண்ணாடி முன் நின்று செய்வதா?

ஆனாலும் கேமராவைத் திருப்பி அனுப்பவில்லை. ஆபரேஷனில் காதுவாசலையும் பெரிதாக்கியிருப்பதால், உள்ளே விடாமல் வாசலில் பிடித்தாலே குழி தெரிகிறது. ஈரமாகவோ சிவப்பாகவோ இருந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த செக்கப் வரை காத்திராமல் டாக்டரிடம் போய்விடுகிறேன். கேமராவுக்கு 4 நட்சத்திரம். கரண்டிகள் குப்பைத் தொட்டிக்கு.