முத்தியால்பேட்டை ரெக்கார்டு வீடு: நான்கு மாதம் போய் வந்த அனுபவம்

பாண்டியில் பழைய இசைத்தட்டும் சிடியும் வாடகைக்குக் கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இருக்கிறது. முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீட்டின் முன்னறை. பலகை கிடையாது. வீட்டுக்காரர் ஒருவராகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார், கூட்டம் சேர்ந்தால் சமாளிக்க முடியாது, அதனால் பெயரும் தெருவும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மணிக்கூண்டுப் பக்கம் டீக்கடையில் 'ரெக்கார்டு வீடு' என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், மதியம் 3 மணி முதல் 7 மணி வரை.

நான் கடலூர் மஞ்சக்குப்பம். திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பாண்டி, அங்கிருந்து முத்தியால்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ. போக வர அரை நாள் போய்விடுகிறது. இருந்தும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் போகிறேன் என்றால் காரணம் அங்கே இருக்கும் தட்டுகள் மட்டும் இல்லை, அங்கே இருக்கும் ஏற்பாடு.

ஏற்பாடு இதுதான். நீங்களாகப் போய் அலமாரியிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. முதல் நாள் 500 ரூபாய் முன்பணம் கட்டியதும், நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று ஆல்பங்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதச் சொல்வார். அந்த நோட்டை மற்ற உறுப்பினர்கள் பார்ப்பார்கள், மொத்தம் நாற்பது பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் உங்களுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் இது, எங்கே காது வைக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி உறைக்குள் வைப்பார். இரண்டு வாரத்துக்கு 40 ரூபாய். ஒரு பக்கத்தை ஆரம்பித்தால் முடிகிற வரை நிறுத்தக் கூடாது, இரண்டு முறையாவது கேட்க வேண்டும், திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் நீங்கள் கேட்டதை எழுத வேண்டும். பிடித்தது, பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தையில் எழுதினால் வாங்க மாட்டார். 'தம்பி, இன்னும் ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க' என்று பேனாவை நீட்டுவார்.

வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இல்லாதவர்கள், என்னைப் போல, சிடியை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், தட்டுகளை அங்கேயே உட்கார்ந்து கேட்கலாம். அதற்குத் தனியாக 20 ரூபாய்.

எனக்கு வந்த முதல் சிடி 'எ மீட்டிங் பை த ரிவர்', 1993-இல் வெளிவந்தது. நான் நோட்டில் எழுதிய மூன்று பெயர்களில் ஒன்று கோட்டுவாத்தியக் கச்சேரி கேசட், அதுவும் கம்பி மேல் கட்டையை வழுக்கி வாசிப்பதுதான். அதைப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் எழுதியிருந்தார்: 'இதில் இரண்டு பேர் கம்பி மேல் வழுக்குகிறார்கள். யார் எவர் என்று முதல் ஐந்து நிமிடத்தில் பிரித்துப் பார்க்க முயலுங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள்.' ஒருவர் ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட், கிட்டாரை மாற்றியமைத்து மோகன வீணை என்று தனக்கென ஒரு வாத்தியம் செய்துகொண்டவர், ரவிசங்கரின் சீடர். இன்னொருவர் அமெரிக்கர், ஸ்லைடு கிட்டார் வாசிக்கும் ரை கூடர். சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயத்துக்குள் 1992-இல் பதிவு செய்திருக்கிறார்கள், பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவி அலெக்சாண்டர். வாசிக்க உட்காருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் இரண்டு பேரும் முதன்முதலில் சந்தித்தார்களாம். தபேலாவுக்கு சுக்விந்தர் சிங் நாம்தாரி, கூடவே தாளத்துக்கு ரை கூடரின் மகன், அப்போது பதினான்கு வயது.

நர்ஸ் அம்மா சொன்னபடி முதல் ஐந்து நிமிடம் பிரித்துப் பார்த்தேன். மோகன வீணையில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வழியில் இருப்பதையெல்லாம் தொட்டுக்கொண்டு போகிறது. கூடரின் கிட்டார் ஒரு ஸ்வரத்தில் போய் நின்று அங்கேயே நடுங்குகிறது. அப்படித்தான் அடையாளம் கண்டேன். அதற்கப்புறம் உண்மையிலேயே பிரிக்க முடியவில்லை. நான்காவதாக வருவது ஃபிஜித் தீவின் பிரியாவிடைப் பாட்டு, 'இசா லேய்'. எங்கள் வீட்டு மாடியில் இரவு பதினொரு மணிக்கு அதைக் கேட்டு முடித்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். மூன்று வருடமாகப் புதிதாக ஒரு ஆல்பத்தை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. போனில் முப்பது விநாடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தள்ளுகிற பழக்கம் எப்போது வந்தது என்றே தெரியாமல் வந்துவிட்டிருந்தது. போன் எனக்குக் கொடுப்பதெல்லாம் நான் ஏற்கெனவே கேட்டதன் சாயல். இந்த அம்மா கொடுத்தது எனக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து கிளம்பி, தெரியாத ஊருக்குப் போய் இறக்கிவிட்டது.

இரண்டாவது அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயலின் படிக்கும் ஒரு தம்பி எனக்காக எடுத்து வைத்தது அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. ஜாஸ் என்றாலே எனக்குப் பழக்கம் கிடையாது. சீட்டில், 'முதல் பாட்டின் ஸ்வரங்கள் நம் கரகரப்பிரியாதான், நடுவில் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். ஸ்ருதியில் ஒரு விஷயம் இருக்கிறது, ஐயாவைக் கேளுங்கள்' என்று மட்டும் இருந்தது.

வீட்டுக்கார ஐயா சிரித்துவிட்டு, சுற்றிக்கொண்டிருந்த பிளேயரின் மேல் கோடு கோடாக அச்சடித்த ஒரு வட்ட அட்டையை வைத்தார். எல்இடி விளக்கை அணைத்துவிட்டு, சோக் வைத்த பழைய ட்யூப் லைட்டைப் போட்டார். அது சாதாரணக் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 முறை மினுங்கும், தட்டு நிமிடத்துக்குச் சரியாக 33⅓ சுற்று சுற்றினால் அட்டையின் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். நின்றன. பிளேயரின் மேல் குற்றம் இல்லை என்று நிரூபித்த பிறகு, எழுபதுகளில் அச்சான பழைய பிரதியைப் போட்டார். தம்பி போனில் தம்பூராவை அந்தப் பாட்டின் ஆதார ஸ்ருதியான இரண்டு கட்டையில் வைத்தார். ஒட்டவில்லை. தட்டு ஒரு மயிரிழை மேலே நின்றது. அரை ஸ்வரத்தில் பாதிகூட இராது, ஆனால் தம்பூராவோடு சேரும்போது காதுக்குள் ஒரு அலை அடிப்பது தெரிகிறது. அப்புறம் 1997-இல் வந்த சிடியைப் போட்டார், அதே பாட்டு, தம்பூராவில் போய் அப்படியே உட்கார்ந்தது.

நடந்தது என்னவென்றால், 1959 மார்ச் 2 அன்று பதிவு செய்தபோது ஒரு டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் ஸ்ருதி ஏறிவிடும். அன்று பதிவான மூன்று பாட்டும் முதல் பக்கத்தில் இருக்கின்றன. ஏப்ரல் 22 அன்று பதிவான இரண்டாம் பக்கம் சரியாக இருக்கிறது. 1992-இல்தான் திருத்தி வெளியிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உலகமே ஏறிய ஸ்ருதியில் கேட்டிருக்கிறது! பத்துப் பதினைந்து வருடம் இசை கேட்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு மயிரிழை ஸ்ருதியை இவ்வளவு பக்கத்தில் வைத்து யாரும் காட்டியதில்லை.

பாட்டும் அந்தத் தம்பி சொன்ன மாதிரியே இருந்தது. அந்த முதல் பாட்டு, 'சோ வாட்', 32 பார் கொண்ட சுற்று, நாலு எண்ணிக்கை ஒரு பார். முதல் 16 பார் ஒரு ஆதாரத்தில், அடுத்த 8 பார் மொத்தமும் அரை ஸ்வரம் மேலே, அப்புறம் 8 பார் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு ஸ்ருதியே நகர்வது முதலில் காலுக்கடியில் தரை நகர்ந்த மாதிரி இருக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கரகரப்பிரியா ராகத்தை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாறுவீர்கள், ஸ்வரங்களை அசைக்கிற கமகம் கிடையாது, ஸ்வரங்கள் மட்டும்தான் அது. எனக்கு மூன்றாவது முறை கேட்கும்போதுதான் நகர்கிற இடம் முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது, அப்போதிருந்து அந்த இடத்துக்காகவே காத்திருந்து கேட்டேன்.

ஐயாவின் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்தவர். வீட்டில் பாதித் தட்டுகள் அவர் கொண்டுவந்தவை, மீதி பாரிஸில் இருக்கும் அண்ணன் வருடா வருடம் கொண்டுவருவது. அந்தப் பாரிஸ் பெட்டியிலிருந்து வந்தது எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் 'என்த ஓம்ரி', 1964. லாஸ்பேட்டையில் இருக்கும் ஒரு அக்கா, பிரான்சில் வளர்ந்து இங்கே திரும்பியவர், பள்ளி ஆசிரியை, எழுதியிருந்தார்: 'அர்த்தம் தேடாதீர்கள். ஒரு வரி எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள்.' வாத்தியங்கள் மட்டுமே பல நிமிடம் போகின்றன, நடுவில் எலெக்ட்ரிக் கிட்டார்கூட வருகிறது, குரல் எப்போது வரும் என்று பொறுமை போகிற நேரத்தில் வருகிறது. ஒரு வரியைப் பாடி, அதையே திரும்ப வேறு இடத்தில் அழுத்தி, திரும்ப இழுத்து. நிரவல் தெரிந்த காதுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூட்டத்தில் எழுகிற சத்தம்கூட நம் கோயில் வாசலில் நாகஸ்வரக்காரர் ஒரு பிடி பிடித்ததும் எழுகிற சத்தம்தான். இவர் பல வருடம் மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவில் பாடிய கச்சேரிகளை கெய்ரோ வானொலி நேரடியாக ஒலிபரப்பியிருக்கிறது, அரபு நாடுகள் முழுக்க அதற்காக உட்கார்ந்திருப்பார்களாம். எண்ணுவதை நான் ஐந்தாவது முறையோடு மறந்துவிட்டேன், அதைத்தான் சீட்டின் பின்னால் எழுதினேன்.

ஒன்று எனக்கு ஒட்டவே இல்லை. ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்', 1972. 28 நிமிடம்தான், ஒரே குரல், ஒரே கிட்டார், ஒரே ஒரு இடத்தில் பியானோ. மூன்று முறை கேட்டும் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருந்தது, அப்படியே எழுதினேன். பரிந்துரைத்த கல்லூரி மாணவர் கோபித்துக்கொள்ளவில்லை, பதில் சீட்டு வைத்திருந்தார்: 'குரலை விட்டுவிட்டு வலது கைக் கட்டைவிரலை மட்டும் கேளுங்கள் அண்ணா, கம்பிகளை வழக்கமான ஸ்ருதியில் கட்டியிருக்க மாட்டார்.' மறுபடி வாங்கிப் போயிருக்கிறேன். இப்போது இரண்டு பாட்டு திறந்திருக்கிறது.

சரி, குறைகள். முன்னறை சின்னது, எட்டு நாற்காலிதான். தட்டு ஓடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுகிறார், ஊசிக்குள் அந்தச் சத்தமும் போகும் என்பதால். மே மாதத்தில் அங்கே உட்கார்ந்து உம் குல்தூம் கேட்டது சட்டை நனைந்து பிழிகிற அளவுக்கு இருந்தது. ஆறு மணிக்கு மேல் கொசு. சிடிகளில் சில குதிக்கின்றன, வாங்கும்போதே அங்கே போட்டுப் பார்த்துவிடுங்கள். கேசட் எடுக்க வேண்டாம், நாடா ஒட்டிக்கொண்டு எனக்கு ஒன்று பாழானது. சிலர் இரண்டு வாரத்தில் திருப்பித் தருவதில்லை, அதனால் உங்களுக்கென்று ஒருவர் தேர்ந்தெடுத்த தட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். இதில் ஐயா இன்னும் கண்டிப்பாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

பூஞ்சை ஒரு பெரிய பிரச்சினை. கடல் காற்று, ஈரம், உறைக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்துவிடுகிறது. உதவலாம் என்று, ஊரில் ஒரு கடையில் தட்டு துடைக்கும் திரவம் ஒன்று வாங்கிப் போனேன். எல்லாத் தட்டுக்கும் ஆகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஐயா கையில் அப்போது டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடி, பழைய 78 சுற்றுத் தட்டு. பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தவர் தட்டைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். 'இதுல ஸ்பிரிட் இருக்கு தம்பி. இந்தத் தட்டு அரக்கு. பட்டா கரைஞ்சிடும்.' பிற்பாடு வந்த வினைல் தட்டுகளுக்குக் கொஞ்சம் நீர்த்துப் பயன்படுத்தலாம், அரக்குத் தட்டுக்குக் காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் மட்டுமே. லேபிளில் நீர் படாமல் விரலால் வட்டம் கட்டிக்கொண்டு அவர் துடைத்ததை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைத்துக் காயவைத்துப் போட்டார். ஒரு பக்கம் மூன்று நிமிடத்துச் சொச்சம்தான் ஓடும். அந்த மூன்று நிமிடத்தில் அறையில் யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை.

போன வாரம் முதன்முறையாக நோட்டு என்னிடம் வந்தது, லாஸ்பேட்டை அக்காவுக்கு நான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் எழுதிய மூன்று பெயர்களில் ஒன்று ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் தனி வயலின் தொகுப்பு. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' ஆல்பத்தை எடுத்தேன், 1986. நமக்கெல்லாம் தெரிந்ததுதான், பிரான்சில் வளர்ந்த அவர் கேட்டதில்லை. பாக்கின் அந்தத் தொகுப்பில் வரும் மூன்றாவது பார்ட்டிட்டாவின் முதல் பகுதியை எடுத்து ராஜா தன் வீட்டுக்குள் அழைத்துவந்திருக்கும் அந்தப் பாட்டைச் சொல்லி, வி.எஸ். நரசிம்மனின் வயலினைக் கவனியுங்கள் என்று எழுதினேன், கிழித்தேன், திரும்ப எழுதினேன். ஒருவருடைய காதுக்கு எழுதுவது இவ்வளவு கடினம் என்று தெரியாது. கடைசியில், 'உங்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. அது முடிந்த பிறகும் நிறுத்தாதீர்கள்' என்று இரண்டே வரி வைத்தேன்.

வருகிற ஞாயிறு அவர் திருப்பிக் கொண்டுவருவார். பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும், 3 மணிக்கு முன்னாலேயே போய் நிற்கப் போகிறேன்.