ஈபிஏ எஞ்சின் சான்றிதழ் கோப்பு: பழைய கனரக வண்டி வாங்குமுன் பாருங்கள்

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈபிஏ, சாலைக்கு வெளியே ஓடும் டீசல் எஞ்சின்களின் புகைச் சான்றிதழ் விவரங்களை எக்செல் கோப்பாக இலவசமாகத் தருகிறது. பழைய எக்ஸ்கவேட்டரோ லோடரோ வாங்குபவர்களுக்கு மிகவும் பயனுள்ளது.

ஆனால் சீரியல் எண்ணை வைத்துத் தேட முடியாது. எஞ்சின் லேபிளில் உள்ள எழுத்தும் எண்ணும் கலந்த 12 குறிகள் கொண்ட ‘எஞ்சின் ஃபேமிலி’ (எஞ்சின் வகை) பெயர் வேண்டும். முதல் எழுத்து மாடல் ஆண்டு: ஜே என்றால் 2018, கே என்றால் 2019. அடுத்த மூன்றும் தயாரிப்பாளர் குறியீடு. பிறகு வரும் லிட்டர் அளவில் பூஜ்ஜியத்தை ‘ஓ’ என்று அடித்துவிட்டு, சான்றே இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய.

வண்டியின் ஆண்டை வைத்து டியர் நிலையை (எந்தப் புகை வரம்புக்கு உட்பட்ட எஞ்சின் என்பதை) முடிவு செய்யாதீர்கள். விதிச் சலுகையில் முந்தைய டியர் எஞ்சினோடு விற்ற வண்டிகளும் உண்டு.

பெரிய குறை: சான்று அந்த எஞ்சின் வகைக்கு மட்டுமே. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரைக் கழற்றிவிட்டார்களா என்பதை வண்டியில்தான் பார்க்க வேண்டும்.