காப்பர் பிளேட் பில்லில் இருக்கிறது, குழியில் இல்லை

பெங்களூரில் இருந்துகொண்டு ஊர்ப்புறத்துப் பழைய வீட்டுக்கு வயரிங் மாற்ற ஆள் அனுப்பப் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கக் காப்பர் பிளேட் புதைக்கிற எர்த் குழியை மூடிவிட்டுக் காட்டுகிறவரை நம்ப வேண்டாம். ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி) பொத்தானை அழுத்தி விளக்கை அணைத்துக் காட்டுகிறவரையும் நம்ப வேண்டாம். எங்களுக்கு இரண்டும் காட்டப்பட்டன.

ஆனேக்கல் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது என் மாமனார் கட்டிய ஓட்டு வீடு. அத்தை அங்கே தனியாக இருக்கிறார். அல்சூருக்கு எங்களோடு வந்துவிடுங்கள் என்றால் மாட்டை யார் பார்ப்பது என்பார். வீட்டுக்கு எத்தனை வயதோ வயரிங்குக்கும் அத்தனை வயது. மரச்சட்டத்தின் மேல் ஓடும் அலுமினிய வயர், பீங்கான் ஃபியூஸ் கட்டை, அதிலும் பேஸுக்கு (கரண்ட் வரும் கம்பி) ஒன்று, நியூட்ரலுக்கு (கரண்ட் திரும்பும் கம்பி) ஒன்று. அந்தக் காலத்தில் அப்படித்தான் போடுவார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைத்தால் பேஸ் அங்கேயேதான் இருக்கும். எர்த் என்ற ஒன்று அந்த வீட்டில் இருந்ததே இல்லை. பிரிட்ஜும் கிரைண்டரும் கீசரும் வந்த பிறகு இதை இப்படியே விட்டுவைக்க முடியாது என்றுதான் எங்கள் பகுதியில் பல வீடுகளுக்கு வேலை செய்த ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டோம்.

"அம்மா இருக்கிற வீடு அக்கா, என் வீட்டு வேலையாக நினைத்துச் செய்கிறேன்" என்றார். வீடு முழுக்கப் புதுக் காப்பர் வயர், எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் அணைந்துவிடும் சுவிட்ச்) பெட்டி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., காப்பர் பிளேட் எர்த் என்று எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய். பாதி முன்பணம்.

வேலையை ஒப்படைத்த அன்று பெட்டியில் ஆர்.சி.சி.பி.யின் மேல் இருந்த சின்னப் பொத்தானை அழுத்தினார். கூடத்திலும் திண்ணையிலும் விளக்குகள் பட்டென்று அணைந்தன. "பார்த்தீர்களா அக்கா, எர்த் எப்படி வேலை செய்கிறது!" இது அப்பட்டமான பொய். அந்தப் பொத்தான் கருவிக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பிவிட்டு, கருவி விழுகிறதா, அதாவது கரண்டைத் துண்டிக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டில் எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் விழும். இன்னொன்றும் செய்திருந்தார்: வேலை முடியும்வரை இருக்கட்டும் என்று பிரிட்ஜை அணைத்து வைத்திருந்தார். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது.

மழை தொடங்கியதும் அத்தையிடமிருந்து போன். "பிரிட்ஜ் கதவைத் தொட்டால் சுர்ரென்கிறதம்மா." காண்ட்ராக்டரிடம் சொன்னேன். ஈரக் காலோடு தொட்டிருப்பார், செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். 78,000 ரூபாய்க்குச் செருப்பு வைத்தியம்!

பிறகு ஆனேக்கலிலிருந்து லைசன்ஸ் வைத்திருக்கும் ஒரு பெரியவரை அழைத்துப்போனோம். அவரும் முதலில் அதே பொத்தானைத்தான் அழுத்தினார். விளக்குகள் அணைந்தன. ஆனால் அவர் விளக்கைப் பார்க்கவில்லை, சமையலறைப் பக்கம் காதைத் திருப்பினார். பிரிட்ஜ் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்தார். பிரிட்ஜ், கிரைண்டர், கீசர் லைன்கள் ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலேயே ஒரு துண்டு வயரால் தனியாக எடுக்கப்பட்டிருந்தன. ஷாக் அடிக்க வாய்ப்புள்ள சாமான்கள் அத்தனையும் பாதுகாப்புக்கு வெளியே. விளக்குகள் மட்டும் உள்ளே. காரணமும் அந்த மரச்சட்டத்திலேயே இருந்தது. பெட்டியிலிருந்து ஒரு முழம், சுவிட்ச் போர்டிலிருந்து ஒரு முழம், அவ்வளவுதான் புது வயர். நடுவில் பழைய அலுமினியத்தோடு முறுக்கி, டேப் சுற்றி, மேலே புதிய பிளாஸ்டிக் பட்டியை ஒட்டி மறைத்திருந்தார்கள். அலுமினியமும் காப்பரும் இப்படி வெறுமனே முறுக்கிய இடம் நாளாக ஆகத் தளர்ந்து சூடேறும், தீப்பிடிப்பது அங்கேதான். பெரியவர் மெகர் (வயர் உறை கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தார். பழைய வயரின் உறை நைந்து கசிந்துகொண்டிருந்தது. கசிவு இருந்தால் ஆர்.சி.சி.பி. விழத்தான் செய்யும், அதன் வேலையே அதுதான். வயரை மாற்றாமல் கருவியைச் சுற்றிப் போய்விட்டார் நம் ஆள்.

அடுத்தது மூன்று முள் சாக்கெட். எர்த்துக்கான பச்சைக் கம்பியை உள்ளேயே நியூட்ரலோடு சேர்த்துவிட்டிருந்தார். இப்படிச் செய்தால் சோதனை விளக்கு எர்த் இருப்பதாகவே காட்டும். கிராமத்து நீண்ட லைனில் நியூட்ரலில் எப்போதும் கொஞ்சம் வோல்டேஜ் இருக்கும்; அத்தைக்குச் சுர்ரென்றது அதுதான். காற்றில் தென்னை மட்டை விழுந்து வெளியே நியூட்ரல் கம்பி அறுந்தால் அதே பிரிட்ஜ் கதவுக்கு 230 வோல்ட் வரும். எம்.சி.பி. அசையாது.

கடைசியாகக் குழி. சிமெண்ட் மூடியைத் தூக்கினால் மேலே உப்பு, கரி, பேருக்குக் கொஞ்சம் ஈரம். கடப்பாறையால் கிளறியதும் ஒரு முழ நீளத்துக்குத் துருப்பிடித்த கம்பி கையோடு வந்துவிட்டது. பில்லில் எழுதியிருந்தது 60 சென்டிமீட்டர் சதுரம், 3.15 மில்லிமீட்டர் கனம் உள்ள காப்பர் பிளேட். அப்படி ஒன்று பத்துக் கிலோ இருக்கும். அதை யார் சுமந்து வந்தார்கள் என்று கேட்டால் போனில் பதில் இல்லை.

உண்மையான எர்த் இருந்தாலும் ஆர்.சி.சி.பி. வேண்டும் என்று பெரியவர் கணக்குப் போட்டுக் காட்டினார். காய்ந்த மண்ணில் எர்த்தின் தடை 50 ஓம் என்று வையுங்கள். 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழவே விழாது. 30 மில்லி ஆம்பியருக்கே விழுகிற கருவிதான் அங்கே ஆளைக் காப்பாற்றும்.

புதிதாகப் போட்ட அந்த முழ வயரும் சுத்தமில்லை. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. காப்பர் பூசிய அலுமினியம். வயரை நீங்களே பி.வி.கே. ஐயங்கார் ரோட்டில் பில்லோடு வாங்கிக் கொடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர், 90 மீட்டர் சுருளில் காப்பர் மட்டுமே இரண்டு கிலோ இருக்க வேண்டும். கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். அட்டையில் உள்ள ஐ.எஸ்.ஐ. உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று வந்துவிடும்.

வேலையை அந்தப் பெரியவரே திரும்பச் செய்தார், இந்த முறை குழி தோண்டும்போது அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் ஆளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வேலைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தால் வழி சொல்கிறார்கள். பெட்டிக்குள் இருந்த துண்டு வயர், சாக்கெட், குழி எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்து வைத்திருக்கிறோம். கடைசித் தவணையை, பொத்தானை அழுத்தும்போது வீட்டில் உள்ள எல்லா சாமானும் ஓடிக்கொண்டிருந்து, எல்லாமே நின்ற பிறகு கொடுங்கள்.