உப்புவெளியா, நிலாவெளியா?

திருகோணமலைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் அறை எடுக்கும் முன்பே கேட்பது இதைத்தான்: நகரத்துக்கு வடக்கே இருக்கும் இந்த இரண்டு கடற்கரைகளில் எதில் தங்குவது? மணலையும் தண்ணீரையும் வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்காது. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அந்த மாதங்களில் இரண்டு இடத்திலும் கடல் பெரும்பாலும் குளம் போலத்தான் கிடக்கும். என்னைக் கேட்டால், காலை 10 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும் நடுவில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழும்பும், 9 மணிக்கே கண் கூசும். உச்சிவெயிலில் மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. கச்சானும் தன் பங்குக்கு வெக்கையை அள்ளிக்கொண்டு வரும். சூரியன் கடலில் மறைவதைப் படம் பிடிக்க நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான், அது நம் முதுகுப் பக்கம். ஆனால் அதனால்தான் பின்னேரம் மரநிழல் மணலில் நீண்டு விழுகிறது. பிள்ளைகளைக் குளிக்க இறக்க அதுதான் தோதான நேரம்.

உப்புவெளி நகரத்துக்கு மிகக் கிட்ட. ஓட்டோவில் ஏறினால் சற்று நேரத்தில் கடைத்தெரு. கடலில் இருந்து எழும்பி, கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒரு நடை போய்வரலாம். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஊர்க்கதை. நிலாவெளி வீதியோரத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. கடலுக்கென்று வந்தவர்கள் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போவதைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். வெயில் தாழ்ந்ததும் பிரட்றிக் கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டே கோணேசர் கோயிலுக்கு ஏறலாம். குறை என்னவென்றால், விடுதிகள் நெருக்கம், சில இரவுகளில் பாட்டுச் சத்தம் தூங்க விடாது. கரையில் மீன்பிடி வள்ளங்களும் வலைகளும் கிடக்கும். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை, அது அவர்களுடைய கரை.

நிலாவெளி இன்னும் வடக்கே, புல்மோட்டை வீதியில். அகன்ற, நீளமான கரை. ஆள் நடமாட்டம் குறைவு. அங்கே தங்குவதற்கு உண்மையான காரணம் புறாமலை. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கும் இந்தத் தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாலே முருகைக்கல்லும் நிறநிறமான மீன்களும் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் மனிதரைச் சீண்டாத சிறு சுறாக்களையும் பார்க்கலாம். நுழைவுச் சீட்டு வேறு, படகுக் கூலி வேறு என்பதால் இரண்டு பேருக்குக் கை கடிக்கும். நாலைந்து பேர் சேர்ந்து போனால் கூலியைப் பங்கு போடலாம். நீண்ட வார இறுதியில் மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் ஆளுக்கு ஆள் முருகைக்கல்லின் மேல் ஏறி நிற்பார்கள், பார்க்கவே வயிறு எரியும்.

சரி, காலையில் தீவு. அப்புறம்? இங்கேதான் நிலாவெளி கைவிடுகிறது. மதியம் விடுதியை விட்டால் அக்கம்பக்கத்தில் போக்கிடம் குறைவு. சாப்பாடும் பெரும்பாலும் விடுதிச் சாப்பாடு, விடுதி விலை. புத்தகத்தோடு படுத்துக் கிடக்கத் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம். வயசான அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் கூட வந்தால் மூன்று மணிக்குள் முகங்கள் மாறிவிடும்.

அதனால் குடும்பமாக வருகிறவர்களை உப்புவெளியில் தங்கச் சொல்வேன். ஒருநாள் விடியவே நிலாவெளிக்குப் போய் முதல் படகைப் பிடித்து, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். புதிதாய்க் கல்யாணமானவர்களும் தனியே வருகிறவர்களும் நிலாவெளிக்கே போகட்டும்.

சீனக்குடாப் பக்கம் விமானப்படை நடத்தும் மார்பிள் கடற்கரையும் உண்டு. குடாவுக்குள் இருப்பதால் அலை இல்லை, நீந்தத் தெரியாதவர்களுக்கு ஒரு பகலுக்கு நல்லது.

டிசம்பரில்தான் லீவு கிடைக்கும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் குமுறும், மழையும் சேரும், புறாமலைப் படகை நம்ப முடியாது. அப்போது நகரத்திலேயே அறை எடுங்கள், கோயிலும் கன்னியாவும் பார்த்துவிட்டுப் போகலாம்.